கடலடியிலிருந்து வரும் பழைய இரும்பு நங்கூரம்: வன்னிக் கரையோரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

கொக்கிளாய் தொடக்கம் சுண்டிக்குளம் வரையான கிழக்குக் கரையிலும், மறுபுறத்தில் விடத்தல்தீவு, அரிப்பு, சிலாவத்துறை சார்ந்த மன்னார்ப் பெருநிலக் கரையிலும் கடலடியில் கிடக்கும் பழைய இரும்பு நங்கூரம் ஒன்று பெரும்பாலும் இரண்டு வழிகளில் மனிதர் கண்ணில் படுகிறது. ஒன்று, வலை சிக்கிக்கொண்டு அதை அவிழ்க்க இறங்குபவர் காண்பது. மற்றது, சங்கோ கடலட்டையோ தேடிக் கடலில் மூழ்கிக் குளிப்பவர் காண்பது. கண்டபின் அதைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்துவரும் எண்ணம் இயல்பாகவே வந்துவிடுகிறது. அப்படி இழுத்துவரப்பட்ட நங்கூரம் ஒன்றில் பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகும். அல்லது அலுமினிய வர்ணம் பூசப்பட்டு, சங்கக் கட்டடத்தின் முன்போ பாடசாலை வாசலிலோ நிறுத்தப்படும். இரண்டாவது வழி மரியாதையானதாகத் தோன்றினாலும், இரும்பைப் பொறுத்தவரையில் முடிவு ஏறத்தாழ ஒன்றுதான்: தராசு ஒரு நாளில் செய்வதை உப்புக் காற்று சில ஆண்டுகளில் செய்துவிடும். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, தூக்குவதற்கு முன்னும் தூக்கிய முதல் சில மணித்தியாலங்களிலும் செய்ய வேண்டியவை பற்றியதாகும்.

கடலில் நூற்றாண்டுகள் தாங்கிய இரும்பு ஏன் கரையில் உதிர்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொண்டால், பின்வரும் அறிவுரைகள் யாவும் தாமாகவே பொருள்படும். கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டு உண்டு. நங்கூரம் துருப்பிடிக்கும்போது அந்தக் குளோரைட்டு துருப்படையின் ஊடாக உள்ளே புகுந்து, கெட்ட பகுதியும் கெடாத உலோகமும் சந்திக்கும் இடத்தில் திரண்டு தங்குகிறது. அதே காலத்தில் வெளிப்புறத்தில் மணலும் சிப்பியும் கல்சியம் காபனேற்றும் சேர்ந்து கல் போன்ற ஓடொன்று உருவாகி, ஒட்சிசன் உள்ளே செல்வதைப் பெருமளவு தடுக்கிறது. நங்கூரம் வெளியே எடுக்கப்பட்டு உலரத் தொடங்கியதும் ஓடு வெடிக்கிறது, காற்று உள்ளே நுழைகிறது, அங்கே காத்திருக்கும் குளோரைட்டு ஈரப்பதனோடு சேர்ந்து அமிலத் தன்மையுள்ள கபிலநிறத் துளிகளாகக் கசிகிறது. அதன்பின் உருவாகும் புதிய துரு பழையதைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மேற்பரப்பு தகடு தகடாகக் கழன்று விழுகிறது. மேலே பூசிய வர்ணம் இதை நிறுத்துவதில்லை. நடப்பதை மறைக்கிறது, அவ்வளவே.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நங்கூரத்தின் உண்மையான பழைய மேற்பரப்பு, அதாவது கொல்லன் சம்மட்டியால் அடித்த தடமும், எடையையோ பட்டறையையோ குறிக்கப் பொறித்த எழுத்தும் இருந்த மேற்பரப்பு, பல வேளைகளில் உலோகத்தில் இல்லாமல் ஓட்டுக்கும் துருவுக்கும் இடையிலேயே எஞ்சியிருக்கும். சுத்தியலால் தட்டி ஓட்டை உடைத்து உள்ளே இரும்பு தெரிகிறதா என்று பார்ப்பவர், தாம் தேடும் அடையாளத்தையே உடைத்து எறிகிறார்.

தூக்குவதற்கு முன்

வன்னிக் கடலில் இரும்புக் கட்டி ஒன்று கண்ணில் பட்டால், அது நங்கூரமாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிச்சயம் இல்லை. போர்க்காலத்தில் மூழ்கிய படகுகளின் பாகங்களும், வெடிக்காத எறிகணைகளும், கடற்கண்ணிகளும் இதே ஓட்டை அணிந்துகொண்டு கிடக்கக்கூடும். ஓடு மூடியபின் உருளையான ஒரு பொருளின் வயதை வெளித்தோற்றத்தால் சொல்ல முடியாது. ஆகவே தண்டும் (நடுக்கம்பு), அதன் மேல்முனை வளையமும், அடியிலுள்ள வளைந்த கைகளும் தெளிவாகத் தெரியாத எந்தக் கட்டியையும் தொடாமலும், கயிறு கட்டாமலும், அதன்மேல் நங்கூரம் போடாமலும் விலகிவந்து, பொலிசுக்கு 119 என்ற இலக்கத்தில் அறிவிக்க வேண்டும். நங்கூரம் என்று உறுதியாகத் தெரிந்தாலும், அதைச் சூழ ஓர் ஆள் நீளத் தூரத்துக்குள் வேறு கட்டிகள் உள்ளனவா என்று பார்க்காமல் கயிறு போடுவது நல்லதல்ல.

இரண்டாவதாக, அதைத் தூக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். என் கருத்தில் பெரும்பாலான நங்கூரங்களுக்குச் சரியான விடை வேண்டாம் என்பதுதான். நீருக்கடியிலான பண்பாட்டு மரபுரிமை பற்றி 2001 இல் யுனெஸ்கோ நிறைவேற்றிய சமவாயமும், கண்ட இடத்திலேயே விட்டுப் பேணுவதை முதற்தெரிவாகக் கொள்ளச் சொல்கிறது. அதற்குக் காரணம், நங்கூரம் கிடக்கும் விதமே ஒரு சான்று என்பதாகும். கப்பலொன்றைப் பிடித்து வைத்திருந்த நங்கூரத்தின் ஒரு கை மண்ணுக்குள் புதைந்திருக்கும், மற்றது மேலே நிற்கும், தண்டு கப்பல் இழுத்த திசையை நோக்கிக் கிடக்கும். வளையம் மட்டும் இருந்து சங்கிலியோ கயிறோ இல்லையெனில், காற்று முற்றியபோது மாலுமிகள் கயிற்றை வெட்டிவிட்டுப் போயிருக்கலாம். முல்லைத்தீவு போன்ற மறைவற்ற கரையில், வாடைக்காற்று திடீரென எழும் காலத்தில், அது எதிர்பார்க்கக்கூடிய ஒன்றே. மாறாக, இரண்டு கைகளும் மண்ணில் படுக்கையாகக் கிடந்து, அருகில் கப்பல் நிலைத்து நிற்க ஏற்றும் பாரக் கற்களோ பீரங்கியோ மட்பாண்ட ஓட்டுத் துண்டுகளோ இருந்தால், அது கப்பலின் மேல்தளத்தில் கட்டியிருந்த நங்கூரமாகவும், அவ்விடம் கப்பல் மூழ்கிய இடமாகவும் இருக்க இடமுண்டு. இழுத்து வந்தபின் இந்த இரண்டையும் பிரித்தறிய எந்த வல்லுநராலும் இயலாது.

எனவே செய்ய வேண்டிய முதல் வேலை குறித்துக்கொள்வதாகும். வள்ளத்தில் ஜிபிஎஸ் கருவி இருந்தால் நங்கூரத்துக்கு நேர்மேலே நின்று எண்களைப் பதிய வேண்டும், கைத்தொலைபேசியும் போதும். அதோடு நம் கடலோடிகள் காலங்காலமாகச் செய்வதுபோல், கரையிலுள்ள கோபுரம், தேவாலயம், தொலைத்தொடர்புக் கோபுரம் போன்ற இரண்டு சோடி அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்று நேர்கோட்டில் வரும்படி பிடித்துக் குறிப்பது, கருவி பழுதானாலும் கைவிடாத முறையாகும். ஆழத்தைப் பாகத்திலும் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) மீற்றரிலும், கடலடி மணலா சேறா பாரா (பாறைத்திட்டா) என்பதையும், தண்டு எந்தத் திசையை நோக்குகிறது என்பதையும், எந்தக் கை புதைந்துள்ளது என்பதையும் எழுத வேண்டும். பேனை மை ஈரத்தில் கரையும், பென்சில் கரையாது.

மூழ்கிக் குளிக்கத் தெரிந்தவர் இருப்பின், பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு நிறமாகக் கறுப்பும் வெள்ளையும் பூசிய ஒரு மீற்றர் தடியை நங்கூரத்தின் அருகே வைத்து, சரிவாக அன்றி நேர்முகமாகப் படமெடுப்பது நல்லது. அளவெடுக்கக் கூடுமாயின் தண்டின் முழு நீளம், வளையத்தின் வெளி விட்டம், அடியிலிருந்து ஒவ்வொரு கையின் நுனி வரையான தூரம், நுனிக்கும் நுனிக்கும் இடைத் தூரம், கையின் முனையிலுள்ள அகன்ற தகட்டின் அகலம், தண்டின் தடிப்பு மேலும் கீழும் எவ்வளவு என்பன போதும். ஓட்டின் தடிப்பு இந்த அளவுகளைப் பெருப்பிக்கும் என்பதால், "ஓட்டுடன்" என்று பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீருக்குள் இரும்பின் எடை எட்டில் ஒரு பங்களவே குறையும். 900 கிலோ நங்கூரம் நீரில் ஏறத்தாழ 780 கிலோவாக இருக்கும், அது நீர்மட்டத்தைத் தாண்டும் கணத்தில் மீதிப் பாரமும், ஓட்டின் பாரமும் சேர்ந்து விழும். கண்ணாடியிழை வள்ளத்தின் ஒரு பக்கத்தில் அதைக் கட்டி ஏற்ற முயல்வது வள்ளத்தைக் கவிழ்க்கும் வேலை. இழுவை இயந்திரத்தால் கரைக்கு இழுப்பது ஆட்களுக்கு ஆபத்துக் குறைந்ததாயினும், நூற்றாண்டுகளாகத் துருப்பிடித்து உள்ளே மெலிந்துபோன கை ஒன்று அந்த இழுப்பில் முறிந்துவிடும்.

அறிவித்தல்

இலங்கையில் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசின் உடைமையாகும். கண்டெடுத்தவர் அதை அறிவிக்கக் கடமைப்பட்டவர். அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. பழைய இரும்பாக விற்பவரும் வாங்குபவரும் இதில் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதைச் சங்கக் கூட்டங்களில் வெளிப்படையாகச் சொல்லி வைப்பது நல்லது.

தொல்பொருள் திணைக்களத்தின் பெயரைக் கேட்டதும் வன்னியில் பலர் தயங்குவதற்குக் காணி சார்ந்த காரணங்கள் இருக்கின்றன. அந்தத் தயக்கத்தை இல்லாததுபோல் எழுதுவதில் பயனில்லை. ஆனால் அறிவிக்காமல் விடுவது அந்தத் தயக்கத்துக்குத் தீர்வு ஆகாது. எழுத்தில், ஊராரின் கையில் ஒரு பிரதி இருக்கும்படி அறிவிப்பதே தீர்வு. கடற்றொழிலாளர் சங்கத்தின் கடிதத்தாளில் இடம், திகதி, கண்டவர், அளவுகள், படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து, கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலாளருக்கும், தொல்பொருள் திணைக்களத்துக்கும், கடற்றொழில் நீரியல்வளத் திணைக்கள அலுவலகத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தைச் சங்கப் பிரதியில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பிரதியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறைக்கு அனுப்புவது, பொருளைத் தமிழில் ஆராய்ந்து எழுதக்கூடியவர்களுக்குச் செய்தி போய்ச் சேர வழி செய்யும். கடலடித் தொல்பொருளைப் பேணும் அனுபவம் காலியில் உள்ள மத்திய கலாசார நிதியத்தின் கடல்சார் தொல்லியல் பிரிவினருக்கு உண்டு. 1659 ஜூலையில் காலிக் குடாவில் மூழ்கிய டச்சுக் கப்பலான அவொண்ட்ஸ்ரரை அகழ்ந்தவர்கள் அவர்களே. அவர்களுடைய பேணல் கூடத்தை 2004 ஆம் ஆண்டுச் சுனாமி அழித்தது. கடற்கரையோரத்தில் தொல்பொருளைச் சேமிக்க இடம் தேடுவோர், நமது கரையும் அதே அலையைக் கண்டது என்பதால், அந்தப் பாடத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வயதை மதிப்பிடுதல்

நமது கடல்களில் பண்டைக் காலத்துக் கப்பல்கள் துளையிட்ட கல் நங்கூரங்களைப் பரவலாகப் பயன்படுத்தின. ஆகவே பெரிய இரும்பு நங்கூரம் கிடைத்தவுடன் அதை மன்னார்ப் பக்கத்துப் பண்டைத் துறைமுகமான மாந்தையின் பொற்காலத்தோடு இணைத்துவிடும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது ஐரோப்பியர் காலத்தையோ அதற்குப் பிந்திய பாய்க்கப்பல்களையோ சேர்ந்ததாக இருக்கும். கம்பியை வளைத்து ஒட்டிச் செய்த நான்கு கை நங்கூரமோ நம் வள்ளங்களில் இன்றும் உள்ளது. போன வருடம் தொலைந்தது ஒன்று கடலில் சில மாதங்கள் கிடந்தாலே முதுமைத் தோற்றம் பெற்றுவிடும். 2006 டிசெம்பரில் முல்லைத்தீவுக் கரையில் தரைதட்டிய ஃபாரா 3 போன்ற புதிய கப்பல்களின் இரும்பும் இக்கரையில் இருந்திருக்கிறது.

பார்க்க வேண்டிய இடங்களுள் முதன்மையானது தண்டின் மேல்முனை. அங்கே பெரிய வளையம் இருந்தால் அது சணற் கயிற்றுக்காக ஆனது. இறுக்கமான லாடவடிவப் பூட்டு இருந்தால் சங்கிலிக்கானது. கப்பல்களில் நங்கூரச் சங்கிலி பரவத் தொடங்கியது 19 ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே. வளையத்துக்குச் சற்றுக் கீழே தண்டின் இருபுறமும் சதுரப் புடைப்புகள் இருந்தால், அவ்விடத்தில் இரண்டு மரப் பாதிகளைச் சேர்த்து இரும்புப் பட்டி அடித்த குறுக்குக்கட்டை பூட்டப்பட்டிருந்தது என்று பொருள். மரத்தைப் புழு தின்றுவிட, பட்டிகள் மட்டும் அருகில் விழுந்து கிடக்கக்கூடும், அவற்றையும் தேட வேண்டும். புடைப்புக்குப் பதிலாகத் துளை இருந்தால், அதனூடே செருகும் இரும்புக் குறுக்குத்தண்டு இருந்திருக்கும். கைகள் மூட்டில் அசையும் வகையில் அமைந்து, குறுக்குக்கட்டையே இல்லாத நங்கூரத்துக்கு 1821 இல் காப்புரிமை பெறப்பட்டாலும், அது பெரிய கப்பல்களில் பரவியது அதற்கு வெகுகாலம் பின்னரே. முறிந்த இடம் ஏதாவது இருந்தால் அதை உற்றுப் பார்க்கலாம்: வார்த்தெடுக்காமல் பட்டறையில் அடித்து உருவாக்கிய பழைய தேனிரும்பு, கழிவு இழைகள் ஊடோடுவதால், கெட்டுப்போனபின் மரத்தின் வைரம்போல் நீளவாக்கில் வரிவரியாகப் பிளந்திருக்கும், புதிய உருக்கில் இந்த வரிகள் தென்படுவதில்லை.

ஆனால் ஒரே ஓர் அம்சத்தை வைத்து ஆண்டு சொல்லக்கூடாது. இத்தாலியின் நேமி ஏரியில் கி.பி. முதலாம் நூற்றாண்டின் உரோமக் கப்பல்களோடு கிடைத்த இரும்பு நங்கூரத்திலும், கழற்றக்கூடிய குறுக்குத்தண்டு இருந்தது. 19 ஆம் நூற்றாண்டுக்கே உரியதென எண்ணப்படும் அமைப்பு அது.

ஏற்கனவே கரைக்கு வந்துவிட்டால்

வலையோடு வந்துவிட்டதோ, வேறொருவர் இழுத்துப் போட்டுவிட்டாரோ, இனி நேரம்தான் முக்கியம். நங்கூரத்தை உடனே கடல்நீரில் நனைத்த சணல் சாக்குகளால் முழுவதும் போர்த்தி, அதன்மேல் படங்கால் இறுகச் சுற்றி, நிழலில் வைத்து, சாக்கு காயாதபடி பகலில் பலமுறை நீரூற்ற வேண்டும். முல்லைத்தீவு வெயிலில் ஒரு பிற்பகல் போதும், ஓடு வெடிக்க. வளையத்தைச் சுற்றிய ஓட்டுக்குள் கயிற்றின் இழையோ, தண்டில் மரமோ ஒட்டியிருந்தால் அதைப் பிரிக்காமல் அப்படியே சேர்த்துப் போர்த்த வேண்டும். கழன்று விழும் துண்டுகளை, எங்கிருந்து விழுந்தன என்று பென்சிலால் எழுதிய பிளாஸ்ரிக் துண்டோடு நீர் நிரப்பிய வாளியில் போட வேண்டும். மண்ணெண்ணெய், டீசல், கழிவு ஒயில், அமிலம், கம்பித் தூரிகை ஆகிய எதுவும் கிட்ட வரக்கூடாது. குறிப்பாக எண்ணெய், பிற்பாடு குளோரைட்டு வெளியேற வேண்டிய நுண்துளைகளை அடைத்துவிடும்.

அதிகாரிகள் வந்து முடிவெடுக்க நாளாகும் என்று தெரிந்தால், அவர்களுடைய சம்மதத்தோடு, அலை குறைந்த, யாவருக்கும் தெரிந்த ஓரிடத்தில் நங்கூரத்தை மீண்டும் நீருக்குள் முழுமையாக இறக்கி, மணலால் மூடி, மிதப்புக் கட்டி வைப்பதே செலவற்ற நல்வழி. பாதி நீரிலும் பாதி காற்றிலுமாக விடுவது எல்லாவற்றிலும் கெட்டது. நீர்மட்டம் தொடும் கோட்டிலேயே இரும்பு விரைவாக அரிக்கப்படும்.

நங்கூரத்தை ஊறவைத்துக் குளோரைட்டை வெளியேற்றத் தொட்டி கிடைக்குமானால், சீமெந்துத் தொட்டியோ, மண்ணில் வெட்டிப் படங்கு விரித்த குழியோ போதும். அலுமினியமும் நாகம் (துத்தநாகம்) பூசிய தகடும் காரத்தில் கரைவதால் ஆகாது. கரையோரக் கிணறுகளின் நீர் உவர்ப்பாக இருக்கும் என்பதால், மழைநீரோ குளத்துப் பக்கத்து நன்னீரோ வேண்டும். அதில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் சோடியம் காபனேற்றைக் கரைத்தால், நீர் காரத்தன்மை பெற்று மேலும் துருப்பிடிப்பதைத் தடுக்கும். 1000 லீற்றருக்கு 50 கிலோ. இது நீரற்ற தூளுக்கான கணக்கு. பளிங்காக விற்கப்படும் சலவைச் சோடாவில் பாதிக்கு மேல் நீரே இருப்பதால், அதே வலிமைக்கு ஏறத்தாழ 135 கிலோ வேண்டும். ஆய்வுகூடங்களில் நூற்றுக்கு இரண்டு அளவிலான காஸ்ரிக் சோடாவைப் பயன்படுத்துவதுண்டு. அது கண்ணையும் தோலையும் எரிப்பதால் ஊர்மனைகளில், சிறுவர் நடமாடும் இடத்தில், அதை நான் பரிந்துரைப்பதில்லை. சலவைச் சோடாவுக்கும் கையுறையும் கண்ணாடியும் தேவை, தொட்டிக்கு மூடியும் வேலியும் தேவை. மரம் ஒட்டிய நங்கூரத்தைக் கார நீரில் இடக்கூடாது, காரம் மரத்தைச் சிதைக்கும்.

குளோரைட்டு வெளிவருகிறதா என்பதை, உயர்தர இரசாயனவியல் கற்பிக்கும் பாடசாலையொன்றின் ஆய்வுகூடத்திலேயே பார்க்கலாம். தொட்டி நீரில் சிறிதளவை எடுத்து, நுரை அடங்கும் வரை ஐதான நைத்திரிக் அமிலத்தைச் சேர்த்தபின் வெள்ளி நைத்திரேற்றுத் துளிகளை இட்டால், குளோரைட்டு இருக்கும்வரை வெண்மையாகக் கலங்கும். அமிலத்தை முதலில் சேர்க்காவிட்டால் காபனேற்றே வீழ்படிவாகி ஏமாற்றும். நங்கூரம் இடாத, அதே நீரும் அதே சோடாவும் கலந்த கரைசலொன்றையும் அருகருகே சோதித்தால்தான், கலக்கம் நங்கூரத்திலிருந்து வந்ததா நீரிலிருந்தே வந்ததா என்று தெரியும். கலக்கம் ஏறி ஏறி ஒரு நிலையில் நின்றால் நீரை மாற்ற வேண்டிய வேளை வந்துவிட்டது என்று கொள்ளலாம். பெரிய நங்கூரத்துக்கு இது மாதக் கணக்கிலன்றி ஆண்டுக் கணக்கில் நடக்கும் வேலை. பொறுப்பேற்க ஆளில்லாத ஊர் இதைத் தொடங்காமல் மணலுக்குள் விடுவதே மேல்.

மின்னோட்டம் செலுத்திக் குளோரைட்டை நீக்கும் முறையில் ஐதரசன் வாயு வெளிப்படுவதால், அது வல்லுநர் கையில் இருக்க வேண்டியது. கடலடியிலேயே சிகிச்சையைத் தொடங்கும் வழியும் உண்டு: 1790 இல் நோர்போக் தீவில் உடைந்த சிரியஸ் என்ற ஆங்கிலேயக் கப்பலின் நங்கூரத்துக்கு, தான் கரைந்து இரும்பைக் காக்கும் உலோகத் துண்டை நீருக்கடியிலேயே இணைத்து, அவுஸ்திரேலியப் பேணல் வல்லுநர்கள் அரிப்பை முன்கூட்டியே குறைத்தனர்.

சிகிச்சை முடிந்து, கழுவி உலர்த்தி, தனிக் அமிலமும் (tannic acid) மெழுகும் பூசப்பட்டபின், நங்கூரத்தைக் கூரையின் கீழ், கடற்காற்று நேரே படாத இடத்தில், நிலத்தில் தொடாதபடி மரக்கட்டைகளின்மேல் வைக்க வேண்டும். பெயர்ப்பலகையில் கண்ட இடம், திகதி, கண்டவரின் சம்மதத்தோடு அவர் பெயர், அனுமதிக் கடிதத்தின் இலக்கம் ஆகியவை இருக்கட்டும். சான்றில்லாமல் "டச்சுக்காரர் நங்கூரம்" என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். மாரி தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் ஒருவர் குனிந்து, கைகளின் அடிப்புறத்தையும் வளையத்தின் உட்புறத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அங்கே கபிலநிற ஈரத் துளியோ, புதிதாகக் கழன்ற துருத் தகடோ காணப்பட்டால் அதன்மேல் எதையும் பூசாமல் படமெடுத்து, பேணியவர்களுக்கு அறிவித்து, நங்கூரத்தை மீண்டும் தொட்டியில் இடுவதற்கு ஆயத்தம் செய்ய வேண்டும்.